நூறு படம் வேண்டாம், பத்துப் பதினைந்து போதும்

கேள்வி: வயது 23. பொறியியல் முடித்துவிட்டுக் கோவையில் வேலை பார்க்கிறேன். படம் இயக்க வேண்டும் என்று ஆசை. "கட்டாயம் பார்க்க வேண்டிய 100 படங்கள்" என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு 41 பார்த்துவிட்டேன். பாதிப் படங்கள் நினைவிலேயே இல்லை. இயக்குநராக நினைப்பவர் எந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்? எப்படிப் பார்க்க வேண்டும்? கையில் ஒரு செல்போன்தான் இருக்கிறது.

பதில்:

அந்தப் பட்டியலை மூடி வையுங்கள், தம்பி. அதில் உள்ள படங்கள் மோசமானவை என்று சொல்லவில்லை. ரசிகர் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, தொழில்காரர் கேட்கும் கேள்வியைக் கேட்கிறீர்கள். சமையல் பழக ஆசைப்படுகிறவர் ஊரில் உள்ள நூறு ஓட்டலிலும் சாப்பிட்டால் நாக்குக்கு ருசி தெரியும், அவ்வளவுதான். ஒரே ஓட்டலின் அடுப்படியில் பத்து நாள் நின்றவருக்குத்தான் வெங்காயம் எந்த நிறத்துக்கு வந்ததும் தக்காளியைப் போடுகிறார்கள் என்பது தெரியும்.

நான் எடிட்டிங் அறையில் நான்கு வருடம் உதவியாளராக இருந்தேன். அப்புறம் இரண்டு படங்களில் உதவி இயக்குநர். இப்போது சனி, ஞாயிறுகளில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் வெட்டி ஒட்டியதைப் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்: கொஞ்சம் படம், நிறையத் தடவை. ஒவ்வொரு தடவைக்கும் ஒரே ஒரு கேள்வி.

ஆர்சன் வெல்ஸ் 'சிட்டிசன் கேன்' (1941) எடுத்தபோது அவருக்கு 25 வயது. நாடகம் தெரியும், ரேடியோ தெரியும், முழுநீள சினிமா எடுத்ததில்லை. ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' (1939) என்ற ஒரே படத்தைச் சுமார் 40 தடவை போட்டுப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் ஒரு டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இதை எப்படிச் செய்தார்கள், ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டே பார்ப்பாராம்.

உங்கள் பக்கத்தில் உட்கார டெக்னீஷியன் இல்லை. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை சும்மா பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள், போரடித்தால் எந்த இடத்தில் போரடித்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டுப் பாருங்கள். மூன்றாம் தடவை திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். அப்புறம் பிடித்த பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஷாட்டையும் எழுதுங்கள்: க்ளோசப்பா, மிட் ஷாட்டா, சஜஷனா (ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டுவது), எத்தனை விநாடி, கட் ஏன் அந்த இடத்தில் விழுந்தது. பத்து நிமிடப் படத்துக்கு இரண்டு சாயங்காலம் போய்விடும். எரிச்சலாகத்தான் இருக்கும். நான் சேர்ந்த எடிட்டிங் அறையில் முதல் மூன்று மாதம் என்னை இதைத் தவிர வேறெதுவும் செய்ய விடவில்லை. அப்போது திட்டிக்கொண்டே செய்தேன்.

சரி, படங்களுக்கு வருவோம்.

ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்றால் சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957) பாருங்கள். அதற்கு முன் அவர் தொலைக்காட்சியில் இருந்தவர். இது முதல் சினிமா. ஒரு கொலை வழக்கில் முடிவு சொல்ல வேண்டிய 12 ஜூரிகள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள். 96 நிமிடப் படத்தில் அந்த அறையை விட்டு வெளியே இருப்பது சில நிமிடங்கள்தான். பாட்டு இல்லை. ஃப்ளாஷ்பேக்கூட இல்லை. கொலையை நமக்குக் காட்டவே மாட்டார்கள். ஆனாலும் கடைசி அரை மணி நேரம் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறோம்.

எப்படி என்பதை லூமெட்டே பின்னாளில் விளக்கி எழுதியிருக்கிறார். படத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. நடுப்பங்கில் கண் மட்டத்தில். கடைசிப் பங்கில் அதற்கும் கீழே. அதனால் போகப் போக அறையின் கூரை ஃப்ரேமுக்குள் வந்து தலைக்கு மேல் அழுத்துகிறது. லென்ஸையும் வரவர நீளமாக மாற்றிக்கொண்டே போயிருக்கிறார். நீள லென்ஸ் போட்டால் பின்சுவர் ஆளின் முதுகில் ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். அறை அதே அறைதான், நமக்கு மட்டும் சுருங்கிக்கொண்டே வருகிறது. எல்லோரும் வெளியே வரும் கடைசி ஷாட்டில் அகல லென்ஸுக்கு மாறிவிடுகிறார். அந்த இடத்தில் நாமும் மூச்சு விடுகிறோம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியது உங்களுக்கு மட்டும்தான்.

இன்னொரு விஷயம், இது முழுக்க உதவி இயக்குநர் மூளைக்கானது. அந்த அறையைக் கதை வரிசைப்படி எடுக்கவில்லை. ஒரு நாற்காலிக்கு லைட் போட்டால் அந்த நாற்காலிக்கான ஷாட் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த நாற்காலி. இப்படி அறையை மூன்று சுற்று வந்திருக்கிறார்கள். சாதாரண வெளிச்சத்துக்கு ஒரு சுற்று, மழை மேகம் கவிந்த வெளிச்சத்துக்கு ஒரு சுற்று, அறை விளக்கைப் போட்ட பிறகு ஒரு சுற்று. நடிகர்கள் ஹென்றி ஃபோண்டாவும் லீ ஜே. காப்பும் நேருக்கு நேர் மோதும் இடத்தில் ஒருவர் பக்கத்து ஷாட்டுக்கும் மற்றவர் பக்கத்து ஷாட்டுக்கும் நடுவில் ஏழெட்டு நாள் இடைவெளி. பார்க்கும்போது துளியும் தெரியாது. படப்பிடிப்புக்கு முன் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார்கள், யார் எந்த வரியில் எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்பது இயக்குநரின் தலையில் அளந்து வைத்ததுபோல இருந்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு அடிபட்டுத்தான் தெரிந்தது. நான் வேலை பார்த்த ஒரு படத்தில் கணவன் மனைவி சண்டைக் காட்சி. அவர் பக்கத்தை முதல் ஷெட்யூலில் எடுத்தோம். அவள் பக்கம் இருபது நாள் கழித்து, விட்டுப்போனதை எடுத்துச் சேர்க்கும் பேட்ச் ஒர்க்கில். எடிட்டிங்கில் போட்டுப் பார்த்தால் அவர் கத்துகிறார், அவள் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவது போலப் பதில் சொல்கிறாள். வேறு வழியில்லாமல் இரண்டுக்கும் நடுவில் சுழலும் மின்விசிறியை வைத்து ஒட்டினோம். படம் வந்த பிறகு ஒரு விமர்சனத்தில், அந்த மின்விசிறி அவர்களுடைய வாழ்க்கை ஒரே இடத்தில் சுற்றுவதைக் குறிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். இயக்குநர் அதை வெட்டி வைத்துக்கொண்டார்.

தமிழில் இரண்டு படங்கள். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979), பாலு மகேந்திராவின் 'வீடு'. இரண்டையும் பார்த்திருப்பீர்கள், அல்லது பார்த்ததாகச் சொல்லியிருப்பீர்கள். நம் ஊரில் இரண்டும் நடக்கும்.

மகேந்திரன் 'தங்கப்பதக்கம்' எழுதியவர். வசனத்தால் தியேட்டரையே கட்டிப்போட்ட படம் அது. அப்படி எழுதத் தெரிந்த ஒருவர் தானே இயக்கும்போது பேச்சை எங்கெல்லாம் எடுத்துவிட்டார் என்பதுதான் இங்கே பாடம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை அடியாக வைத்துச் செய்த கதை. சுந்தரவடிவேலு என்ற மனிதன் கெட்டவன், ஆனால் அவன் கெட்டவன் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. கத்துவதில்லை, மீசை முறுக்குவதில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஊரில் மதிப்போடு நடமாடுகிறான். அவனாக நடித்த விஜயனின் முகத்தை ஒளிப்பதிவாளர் அசோக்குமார் எவ்வளவு தூரத்தில் வைத்து எடுத்திருக்கிறார் என்று பாருங்கள். எப்போது கிட்டே போகிறார், எப்போது போகாமல் நிற்கிறார் என்று எழுதுங்கள்.

கடைசியில் ஊரே சேர்ந்து அவனை ஆற்றுக்குக் கூட்டிப் போகிறது. அந்தக் காட்சிக்கு வேறொருவர் என்றால் ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு வசனம் பேசியிருப்பார்கள். இங்கே அவன்தான் பேசுகிறான். நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல மாற்றிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான் என்கிறான். அத்தனை நேரம் அவன் தண்டனைக்காகக் காத்திருந்த நமக்கு அந்த ஒரு பேச்சில் தலை குனிந்துவிடுகிறது. இரண்டு பிள்ளைகளும் கரையில் நிற்கிறார்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் சத்தம் இல்லாமல் ஒரு தடவை பாருங்கள். அந்த ஒரு பேச்சைத் தவிர எதுவுமே குறையாது. உங்கள் குறும்படத்தை இதே போலச் சத்தம் அணைத்துப் போட்டுப் பாருங்கள். அங்கே எது குறைகிறதோ அதைத்தான் நீங்கள் இன்னும் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

'வீடு' வேறு மாதிரி. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால், வேலைக்குப் போகும் ஒரு பெண் சென்னையில் சொந்தமாகச் சின்ன வீடு கட்ட முயல்கிறாள். அவ்வளவுதான் கதை. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் மூன்றும் பாலு மகேந்திரா. மட்டக்களப்புப் பக்கத்தில் பிறந்து புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். பாட்டு கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில் இருந்த இசையையே பின்னணிக்கு எடுத்துக்கொண்டார். 1987-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமும் அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகையும் இதற்குக் கிடைத்தன.

திரைக்கதை படிப்பவர்கள் 'வீடு' படத்தில் கவனிக்க வேண்டியது சுவரை. கதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைச் சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பதே சொல்லிவிடுகிறது. பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் சுவர் வேலை நின்றுபோகிறது. யாரும் "பணம் இல்லை" என்று ஒரு பக்கம் பேச வேண்டியதில்லை. சொக்கலிங்க பாகவதர் செய்த தாத்தா, பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வந்து சுவரைத் தடவிப் பார்க்கும் காட்சியை முன்கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக்காட்டினாலும் புரியும். ஒரு பொருளைக் கதைக்கு அளவுகோலாக வைப்பது என்பது இதுதான். நீங்கள் எழுதும் கதையில் அப்படி ஒரு பொருள் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும், நாம்தான் அதைப் பின்னணியில் வைத்திருப்போம்.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) பற்றி எல்லோரும் கவிதை, மனிதநேயம் என்று பேசுகிறார்கள். நான் அதைப் புரொடக்ஷன் பாடமாகத்தான் பிள்ளைகளுக்குப் போடுகிறேன். ராய் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கத் தொடங்கிய படம். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது 21 வயது, சினிமா கேமராவைக் கையாண்டதே இல்லை. முதல் நாள் எடுத்தது நாணல்பூக் காட்டில் அக்காவும் தம்பியும். மிச்சத்தை எடுக்க அடுத்த வாரம் போனால் பூ முழுவதையும் மாடு மேய்ந்துவிட்டிருந்தது. மறுபடி பூக்க அடுத்த பருவம் வரை காத்திருந்தார்கள். பணம் தீர்ந்து படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. இன்சூரன்ஸ் பாலிசி, இசைத்தட்டுகள், மனைவியின் நகை எல்லாம் போன பிறகு மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது.

படத்தில் மிட்டாய்க்காரர் ஒருவர் வருவார். பிள்ளைகளும் நாயும் வரிசையாக அவர் பின்னால் போகும் காட்சி. அந்த இடத்தைப் பத்துத் தடவை பார்த்த பிறகும் எனக்குத் தெரியவில்லை, படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படப்பிடிப்பு நின்றிருந்த காலத்தில் அந்த நடிகர் இறந்துவிட்டார். அதே உடல்வாகில் இன்னொருவரைத் தேடிப் பிடித்து, அவருடைய முதுகு மட்டும் தெரியும்படி வைத்து மீதியை எடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் ஒருவர், பின்பக்கம் வேறொருவர். நாய்க்கும் அதே கதைதான். கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது என்றால் சட்டைப் பொத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, பார்ப்பவரின் கண் எங்கே இருக்கிறது என்பதுதான் கன்டினியூட்டி என்று அன்றைக்குப் புரிந்தது.

அடுத்த படமான 'அபராஜிதோ'வில் (1956) காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் செட்டாகப் போட்டார்கள். மேலே வானம் திறந்திருக்கும் முற்றத்துக்குள் நிழல் விழாத வெளிச்சம் வர வேண்டும். நேராக லைட் அடித்தால் ஆளுக்கு நாலு நிழல் விழும். சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, லைட்டைக் கீழேயிருந்து அதன்மீது அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் எடுத்தார். இன்றைக்கு நம் படப்பிடிப்பில் லைட்மேன் அண்ணன் தெர்மோகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அதே யோசனைதான். உங்கள் வீட்டு ஜன்னல் ஓரத்தில் ஒருவரை உட்காரவைத்து எதிரில் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்துப் பாருங்கள். காசு செலவில்லாமல் ஒளிப்பதிவின் முதல் பாடம் முடிந்துவிடும்.

ஒலிக்கு வருகிறேன். குறும்படக்காரர்கள் சறுக்குவது இங்கேதான். கேமராவுக்கு வாடகை கொடுக்கிறார்கள், மைக்குக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பையன்.

'பதேர் பாஞ்சாலி'யில் அந்த அக்கா துர்கா இறந்த செய்தியைத் தகப்பனிடம் தாய் சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் வாய்விட்டு அழுகிறாள். அந்த அழுகைச் சத்தத்தை ராய் எடுத்துவிட்டார். அவள் வாய் திறக்கிறது, வருவது தார் ஷெனாய் என்ற வாத்தியத்தின் உச்ச ஸ்தாயி. கேட்டால் வயிற்றைப் பிசையும். அழுகையை அழுகையாகவே வைத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன்.

'தி காட்ஃபாதர்' (1972) படத்தில் கதாநாயகன் மைக்கேல் ஓட்டலில் இரண்டு பேரைச் சுடும் காட்சி. அந்த இடத்தில் பின்னணி இசை இல்லை. எதிரில் இருப்பவர் இத்தாலிய மொழியில் பேசுகிறார், அதற்கு சப்டைட்டிலும் இல்லை. மைக்கேல் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பதால் நமக்கும் அது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு ரயில் சத்தம் ஏறிக்கொண்டே வருகிறது. ரயிலை ஒரு ஃப்ரேமில்கூடக் காட்டவில்லை. ஒலிக்குப் பொறுப்பாக இருந்த வால்ட்டர் மர்ச், மைக்கேலின் தலைக்குள் ஓடுவதை அந்தத் தண்டவாளக் கிறீச்சில் வைத்தார். சுட்டு முடித்து, துப்பாக்கியைக் கீழே போட்ட பிறகுதான் இசை வருகிறது. நம் படங்களில் ஆர்.ஆர். என்கிற பின்னணி இசை முதல் காட்சியில் ஆரம்பித்துக் கடைசி டைட்டில் வரை ஓடுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ஐந்து நிமிடம் நல்ல மருந்து.

அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) உங்கள் 41-இல் இருந்திருக்கும். ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வது என்று எல்லோரும் அதன் திரைக்கதையைப் பற்றியே பேசுவார்கள். அந்தத் திரைக்கதையைப் படித்துவிட்டு அவருடைய மூன்று உதவி இயக்குநர்களும் நேரில் வந்து "எங்களுக்குப் புரியவில்லை" என்றார்களாம். அவர் உட்காரவைத்து விளக்கியிருக்கிறார். இரண்டு பேர் சமாதானமானார்கள், ஒருவர் கடைசி வரை ஆகவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது.

நீங்கள் அந்தப் படத்தில் பாருங்கள் என்று நான் சொல்வது இடங்களை. இடிந்த கோட்டை வாசல், காடு, விசாரணை முற்றம். மூன்றே மூன்று. வாசலில் மழை, காட்டில் இலை வழியாக விழும் வெயில், முற்றத்தில் வெறும் மணல். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று ஒரு நொடி குழப்பம் வராது. காட்டு நிழலுக்குள் வெளிச்சம் பத்தாமல் ஒளிப்பதிவாளர் கஸுவோ மியாகவா கண்ணாடிகளை வைத்து வெயிலைத் திருப்பிவிட்டிருக்கிறார். மேகமூட்டமான வானத்தின் முன்னால் மழை கேமராவில் தெரியவில்லை என்று தண்ணீரில் கறுப்பு மை கலந்திருக்கிறார்கள். இயற்கையாகத் தெரிகிறதை எல்லாம் இயற்கை என்று நம்பிவிடாதீர்கள். ஈரானின் அப்பாஸ் கியாரோஸ்தமி 'வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்' (1987) படத்தில் குன்றின் மேல் நெளிந்து நெளிந்து போகும் பாதை ஒன்றைக் காட்டுவார். அந்தச் சிறுவன் ஏறி ஓடும் பாதை. நூறு வருடமாக ஊர்க்காரர்கள் நடந்து நடந்து உண்டானது போல இருக்கும். படத்துக்காகப் போட்டது அது.

'ரஷோமோன்' பார்த்த கையோடு எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பாருங்கள். ஏவி.எம். தயாரிப்பு, ஜாவர் சீதாராமன் எழுத்து. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள் காலையில் கதை தொடங்குகிறது. ஹீரோ சிவாஜி கணேசன் முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் செத்து விழுகிறார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. 1954-இல்! ஜப்பானியப் படத்தின் உத்தியை எடுத்துக்கொண்டு அதை மயிலாப்பூர்த் தெருவில் நடந்த கதை போல மாற்றிவிட்டார்கள். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து எடுப்பது எப்படி என்று இன்றைக்குச் சொல்லித்தரவும் இதைவிடப் பொருத்தமான படம் எனக்குக் கிடைக்கவில்லை.

எடிட்டிங்குக்கு எல்லோரும் 'சைக்கோ' (1960) குளியலறைக் காட்சியைத்தான் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன். முக்கால் நிமிடக் காட்சிக்கு இயக்குநர் ஹிட்ச்காக் ஏழு நாள் எடுத்துக்கொண்டார். கத்தி உடம்பில் இறங்குவதைப் பார்த்ததாக நாம் சத்தியம் செய்வோம். காட்சியை ஷாட் ஷாட்டாக எழுதிப் பார்த்தால் எவ்வளவு காட்டினார்கள், எவ்வளவு நம் தலையில் நாமே ஒட்டிக்கொண்டோம் என்பது தெரியவரும். அந்த இடத்துக்கு இசையே வேண்டாம் என்று முதலில் நினைத்தவர் அவர். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் போட்டுக் காட்டிய வயலின் கீச்சைக் கேட்ட பிறகு மாற்றிக்கொண்டார். சொன்ன பேச்சை மாற்றிக்கொள்ளத் தெரிவதும் இயக்குநர் வேலையில் சேர்த்திதான், ஆனால் அதை யாரும் பேட்டியில் சொல்வதில்லை.

'சிட்டிசன் கேன்' படம் முழுவதையும் இப்போதே பத்துத் தடவை பார்க்க வேண்டாம். கணவன் மனைவி காலைச் சாப்பாட்டு மேசையில் உட்காரும் இடம் ஒன்று வரும். சில நிமிடத்தில் பல வருடக் கல்யாணம் ஓய்ந்து போய்விடும். கொஞ்சலில் ஆரம்பித்து, கடைசியில் அவள் போட்டிப் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு படிக்கிறாள். அந்த இடம் போதும்.

பணம் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் "கையில் செல்போன்தான் இருக்கிறது" என்று எழுதியதில் அது இருக்கிறது. ராபர்ட் ரோட்ரிகஸ் 'எல் மரியாச்சி' (1992) படத்தைச் சுமார் 7,000 டாலரில் எடுத்தார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி, மருந்துக் கம்பெனி சோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தது. அதைச் செய்யச் சொல்லவில்லை! கேமராவை உருட்டிக்கொண்டு போகும் டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி. கேமராவோடு சேர்த்து ஒலி பிடிக்க வசதியில்லாததால் ஷாட் முடிந்ததும் நடிகர்களை அதே வசனத்தைத் திரும்பப் பேசவைத்துப் பதிவு செய்தார். உதட்டோடு பொருந்தாத இடத்தில் எல்லாம் வேறொரு முகத்துக்கோ நாய்க்கோ கட் செய்துவிட்டார். படத்தின் வேகமான கட்டிங்கைப் பாராட்டியவர்கள் பலருக்கு அதன் காரணம் தெரியாது. கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்' (1998), வாரம் முழுக்க வேலைக்குப் போகிற நண்பர்களை வைத்துச் சனிக்கிழமைகளில் மட்டும் எடுத்தது. ஃபிலிம் விலை கட்டுப்படியாகாது என்று ஒவ்வொரு காட்சியையும் நாடகம் போல ஒத்திகை பார்த்துவிட்டு ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். கோவையில் வேலையில் இருக்கும் உங்களுக்கும் சனிக்கிழமை உண்டு.

நம் பக்கத்தில் பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. ஓர் அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள். இயக்குநரின் அக்காவோ தங்கையோ, உடன்பிறந்த பெண் புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு 13 கிலோமீட்டர் நடந்தே வந்த சம்பவத்தில் இருந்து பிறந்த கதை. ஒரு மணி நேரம் தாண்டிக் கொஞ்சம்தான் ஓடும். கதை எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் போட்டுக்காட்டுகிறேன்.

அப்புறம், ஓடாத படங்கள். உங்களுக்குப் பிடிக்காத, ஊரே திட்டிய ஒரு தமிழ்ப் படத்தை எடுத்து, மேலே சொன்ன அதே மரியாதையோடு நோட்டு வைத்துக்கொண்டு பாருங்கள். நல்ல படத்தில் வேலை கண்ணுக்குத் தெரியாது. மோசமான படத்தில் எல்லாத் தையலும் வெளியே தெரியும். இந்த சீன் ஏன் இங்கே வந்தது, அந்த மனிதர் திடீரென்று ஏன் நல்லவரானார், சிரிப்பு வரவேண்டிய இடத்தில் ஏன் கட் அரை விநாடி முந்திவிட்டது என்று எல்லாம் தெரியும். நான் எடிட்டிங் கற்றதில் பாதி அப்படிப்பட்ட படங்களில்தான். பெயர் சொல்ல மாட்டேன், சிலவற்றில் நானே வேலை பார்த்திருக்கிறேன்.

செய்யக்கூடாதது ஒன்று: படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உடனே "எக்ஸ்பிளைன்ட்" வீடியோவுக்குப் போவது. உங்களுக்குத் தோன்றியதை நோட்டில் எழுதும் வரையாவது பொறுங்கள். தப்பாக இருந்தாலும் உங்களுடைய தப்பு அது.

கடைசியாக, செல்போனுக்கு. கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெட்டே' (1962) என்ற 28 நிமிட பிரெஞ்சுப் படத்தைத் தேடிப் பாருங்கள். கிட்டத்தட்ட முழுப்படமும் அசையாத புகைப்படங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் படம் அசையும். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் நாளைக் காலை அம்மா எழுந்து காபி போடுவதை முப்பது புகைப்படங்களில் எடுங்கள். அடுப்பின் சத்தம், குழாய்ச் சத்தம், வெளியே பால்காரர் மணி எல்லாவற்றையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள் ஒட்டி, வீட்டில் இல்லாத ஒருவருக்குப் போட்டுக்காட்டுங்கள். அன்றைக்கு அம்மா என்ன மனநிலையில் இருந்தார் என்று அவர் சரியாகச் சொல்கிறாரா பாருங்கள். சொல்லவில்லை என்றால் மறுநாளும் அம்மா காபி போடுவார், மறுபடி எடுங்கள்.